சொட்டு நீலம் போட்டுப் பாருங்கள்! (வாசகர் கேள்வி - பதில்)

போன இதழில் "சின்ன லாட்ஜ், சின்ன ஹோட்டல் நடத்துகிறவர்கள் சுற்றுச்சூழல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று நான்கு வரி போட்டாலும் போட்டோம், வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் லாட்ஜ் நடத்துகிறவர்கள், மீதிப் பேர் லாட்ஜில் தங்கி வயிறெரிந்தவர்கள். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, படுக்க இடம் கேட்டால் லாட்ஜ் என்பதால் இரண்டுக்குமான கேள்விகளைக் கலந்தே எடுத்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் 22 அறை லாட்ஜ் ஒன்றில் 19 வருடம் மேனேஜராக உட்கார்ந்திருந்தவன். நான் படித்ததெல்லாம் கரண்ட் பில்லிலும் தண்ணீர் லாரிக்காரர் சீட்டிலும்தான்.

கேள்வி: எங்களுடையது 18 அறை லாட்ஜ். ஆன்லைனில் ரூம் போடும் தளங்களில் சில லாட்ஜுகளுக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழலுக்கு உகந்த இடம் என்று பச்சை இலை படம் வருகிறது. எங்களுக்கும் அது வேண்டும். சோலார் போடலாமா, மாடித் தோட்டம் வைக்கலாமா? எதில் ஆரம்பிப்பது? கையில் அதிகம் பணம் இல்லை.
- வாசகர், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி

பதில்: ஐயா, இலையை அப்புறம் பார்ப்போம். முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். நாளைக் காலை ஐந்து மணிக்கு, மோட்டார் போடும் நேரத்தில். தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து சுவரில் பச்சைப் பாசிக் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் ஊழியர் மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார் என்று அர்த்தம். தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் சுவிட்சுக்கு ஆகும் செலவு, ஒரு லாரித் தண்ணீர் விலையைவிடப் பெரிய தொகை இல்லை.

மதுரையில் லாட்ஜ் வைத்திருக்கிறவர் கையில் ஒரு ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதைத் தண்ணீரில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. வைகை அணையில் தண்ணீர் இருந்தால் நமக்குக் குழாயில் வரும், இல்லாவிட்டால் லாரி. சித்திரைத் திருவிழாவுக்கு 18 அறையும் நிரம்பி, ஒரு அறைக்கு ஆறு பேர் படுத்து, லாரிக்காரர் போனை எடுக்காத அந்த இரண்டு நாட்களை நினைத்துப் பாருங்கள். சோலார் அப்போது உதவிக்கு வராது.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க். கடையில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கி, ஒவ்வொரு அறை ஃப்ளஷ் டேங்கிலும் பத்துச் சொட்டு விட்டு, யாரையும் ஃப்ளஷ் இழுக்க விடாமல் அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். கிண்ணத்தில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சத்தமே கேட்காது, கண்ணுக்கும் தெரியாது, ஆனால் இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர்கூடப் போகும். நான் முதல்முறை இதைச் செய்தபோது 22 அறையில் 9 அறையில் நீலம் இறங்கியது. அதில் 7-ஆம் நம்பர் அறையைப் பற்றி, அங்கே தங்குகிறவர்கள் அதிகம் தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்று இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவர்கள்.

இப்போது ஒரு கணக்கு. பழைய டேங்க் ஒரு இழுப்புக்கு 10 லிட்டர் விடும். உங்கள் லாட்ஜில் சராசரியாக 12 அறையில் ஆள், அறைக்கு இரண்டு பேர் என்றால் 24 பேர், ஆளுக்கு ஐந்து முறை, ஆக 1,200 லிட்டர். இரண்டு பொத்தான் வைத்த டேங்கில் பெரியது 6 லிட்டர், சிறியது 3 லிட்டர். ஒரு பெரியது நான்கு சிறியது என்று வைத்தால் ஆளுக்கு 18, மொத்தம் 432 லிட்டர். மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு மிச்சம். 18 டேங்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதுவரை பழைய டேங்குக்குள் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை, மிதவையில் இடிக்காமல் ஒரு ஓரமாக நிறுத்தி வைத்தால் இழுப்புக்கு ஒரு லிட்டர் குறையும்.

இன்னொன்று, லாட்ஜை நவீனமாக்குகிறேன் என்று பலர் முதலில் செய்வது குளியலறையிலிருந்து வாளியையும் கப்பையும் எடுப்பதுதான். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஷவர் நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் கொட்டும். எட்டு நிமிடம் நின்றால் 70 லிட்டர். நம் ஆட்கள் இரண்டு வாளியில் தலைக்கே குளித்துவிடுவார்கள், 40 லிட்டர்தான். ஷவர் இருக்கட்டும், வாளியும் இருக்கட்டும், வாளி மட்டும் பாசி பிடிக்காமல் சுத்தமாக இருக்கட்டும். முகம் கழுவும் குழாய் முனையில் காற்றைக் கலந்து விடும் வலை மூடி ஒன்று போடுங்கள். எலக்ட்ரிகல், பிளம்பிங் கடையில் ஏரேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீர் பாதிக்கும் கீழே குறையும், வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

மழைநீர்த் தொட்டி? 2003-லேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள், உங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கும். குழி இருக்கிறதா, மண் மூடிவிட்டதா என்று தோண்டிப் பாருங்கள். மதுரைக்கு வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 1,500 சதுர அடி மாடி இருந்தால் 90,000 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம், இல்லாவிட்டால் அது ரோட்டுக்குப் போய் முழங்கால் தண்ணீராக நிற்கும். இதெல்லாம் முடித்துவிட்டு இலைக்கு எழுதிப் போடுங்கள்.

கேள்வி: வீட்டின் மாடியில் மூன்று அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ஒவ்வொரு அறைக்கும் சின்ன சோப்பு, ஷாம்பு பாக்கெட், பேஸ்ட் எல்லாம் வைக்கிறேன். வைக்காவிட்டால் மதிப்பு இல்லை என்கிறார் என் கணவர். குப்பையைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.
- வாசகி, தெப்பக்குளம்

பதில்: அம்மா, உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்பதே பெரிய விஷயம். அந்தச் சின்ன சோப்பு ஒரு கை கழுவலில் பாதி கரைந்து, ஈரத்தோடு வாஷ்பேசின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ரூம் சுத்தம் செய்கிறவர் நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போடுவார். அடுத்த ஆளுக்குப் புதுசு. ஷாம்பு பாக்கெட் இன்னும் மோசம். கிழித்த மூலை தனியாகப் போய்த் தரைச் சல்லடையில் அடைத்து, ஒரு நாள் குளியலறையே குளமாகும். அந்த மூலைத் துண்டுகளைக் கம்பியால் தோண்டி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உறை முழுதாகக் கிடைத்தாலே அதைக் காயலான் கடைக்காரர்கூட வாங்க மாட்டார்.

சுவரில் மாட்டும் டிஸ்பென்சர் போடுங்கள், ஒன்றில் கை கழுவும் திரவம், ஒன்றில் ஷாம்பு. ஐந்து லிட்டர் கேனில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். பூட்டு வைத்ததாக வாங்குங்கள், ஏனென்றால் பூட்டு இல்லாத பாட்டில் பையோடு சேர்ந்து ஊருக்குப் போய்விடும், எங்களுக்குப் போயிருக்கிறது. கண்ணாடி போல உள்ளே தெரிகிற டப்பாவாக இருந்தால், அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வாரம் ஒருமுறை கழுவித்தான் நிரப்ப வேண்டும், பழசின் மேலேயே ஊற்றிக்கொண்டே போனால் வாடை வரும்.

பேஸ்ட், பிரஷ், சீப்பு எதையும் அறையில் வைக்காதீர்கள். கீழே ஒரு டப்பாவில் இருக்கட்டும், கேட்கிறவருக்குக் கொடுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கேட்பார்கள். மதிப்பு பற்றி உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மூன்று அறை ஹோம்ஸ்டேக்கு வருகிறவர் ஷாம்பு பாக்கெட்டுக்காக வரவில்லை, காலையில் உங்கள் வீட்டு இட்லிக்காக வருகிறார்.

கேள்வி: சென்னையிலிருந்து கல்யாணம், கோவில் என்று மதுரைக்கு அடிக்கடி வருவேன். போன முறை தங்கிய இடத்தில் "துண்டை மறுபடியும் பயன்படுத்தி பூமியைக் காப்பாற்றுங்கள்" என்று அட்டை வைத்திருந்தார்கள். நானும் துண்டைக் காயப்போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் புதுத் துண்டு! இது என்ன நாடகம்?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: நாடகம் இல்லை அம்மா, பழக்கம். அட்டையை அச்சடிக்கச் சொன்னவர் முதலாளி, அறைக்கு வருகிறவர் வேறு ஆள், அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு மாற்றாவிட்டால் போன மேனேஜர் திட்டினார் என்பது மட்டும்தான். அட்டையில் பூமிப் படம் போடுவதைவிட, "துண்டு கொக்கியில் தொங்கினால் மாற்றாதே, தரையில் கிடந்தால் மாற்று" என்று அவரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது.

அதைவிட, உங்களுக்குத் துண்டு காயப்போட இடம் கிடைத்ததே ஆச்சரியம். பெரும்பாலான லாட்ஜில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கொக்கி, அதில் உங்கள் பை. ஈரத் துண்டைப் போட இடமில்லாமல் கட்டிலில் போடுவோம், நாற்காலியில் போடுவோம், மறுநாள் அது ஊசிப்போன வாடை அடிக்கும், வேறு துண்டு கேட்காமல் என்ன செய்வது. ஜன்னல் பக்கம் ஒரு கொடியும் நான்கு கிளிப்பும் இருந்தால் பாதித் துவைப்பு குறைந்துவிடும் என்று நான் சத்தியம் செய்வேன். எங்கள் லாட்ஜில் கொடி கட்டிய பிறகுதான் சலவைக்குப் போகும் மூட்டை சிறுத்தது.

துணி விஷயத்தில் லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை வெயிலில் மாடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் பெட்ஷீட் மொடமொடவென்று காய்ந்துவிடும், இந்த ஊரில் டிரையர் மெஷின் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் துணி பழுப்பாகும், உடனே பிளீச்சிங்கை அள்ளிப் போடுவார்கள், ஆறே மாதத்தில் துணி கிழியும். தூய வெள்ளைதான் வேண்டும் என்று யார் சொன்னது? கோடு போட்ட, லேசான நிறமுள்ள பருத்தி விரிப்பு வாங்குங்கள். ஒரே ஆள் மூன்று நாள் தங்கினால் விரிப்பைத் தினமும் உருவாதீர்கள். ஆள் மாறினால் மட்டும் கட்டாயம் மாற்றுங்கள், இதில் சிக்கனம் பார்க்கிறவர்களை நான் எந்தப் பெயரிலும் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டு பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறோம். சரிதானே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: சரியில்லை. கப்பின் உள்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தோல் வரும். அது இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று, சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று, துணி மாதிரி இருக்கும் நான்-வோவன் பையும் ஒன்று. எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். கழுவ ஆள் இல்லை என்பீர்கள், தெரியும்.

கேள்வி: கீழே சாப்பாடு, மேலே 14 அறை. அறைக்குத் தினமும் இரண்டு தண்ணீர் பாட்டில் இலவசம். நிறுத்தலாம் என்று பார்த்தால், "கேன் தண்ணி எங்கே பிடிச்சதோ" என்று வருகிறவர்கள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள். வழி உண்டா?
- வாசகர், சிம்மக்கல்

பதில்: அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. வராண்டா மூலையில் தூசி படிந்த கேன், மேலே கவிழ்த்த ஒரு டம்ளர், அதற்கு ஒரு சங்கிலி, இதைப் பார்த்தால் நானே குடிக்க மாட்டேன்.

தண்ணீரைக் கண்ணில் காட்டுங்கள். மாடிக்கு ஒரு நல்ல ஃபில்டர், வெளிச்சமான இடத்தில். கடைசியாக என்றைக்கு ஃபில்டர் மாற்றினோம் என்று தேதியைக் கையால் எழுதி ஒட்டுங்கள், அச்சடித்ததைவிடக் கையெழுத்தைத்தான் மக்கள் நம்புகிறார்கள். அறையில் மூடி போட்ட கண்ணாடி பாட்டில் இரண்டு. ஆள் உள்ளே போகும்போது காலியாகக் கொடுத்து "வாங்க, இங்கே பிடிச்சுக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நிரப்பி வைத்த பாட்டிலை யாரும் நம்ப மாட்டார்கள், தானே பிடித்ததை நம்புவார்கள். ஃபில்டர் ஆர்.ஓ. என்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும், அந்தக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு டிரம்மில் விடுங்கள், படிக்கட்டு கழுவ, வாசல் தெளிக்க ஆகும்.

ரிசப்ஷனில் ஒரு மானாமதுரைப் பானை வையுங்கள். 50 கிலோமீட்டர் தூரத்தில் அவ்வளவு நல்ல மண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏன் பிரிட்ஜில் பாட்டிலை அடுக்குகிறோம் என்று தெரியவில்லை. சித்திரை வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவருக்குப் பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள், வாடகையில் பேரம்கூட பேச மாட்டார்.

கொடைக்கானல் போகிறவர்கள் உங்களிடம் தங்கிவிட்டுத்தான் போவார்கள். அங்கே 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, கையில் பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று வைத்திருக்கிறார்கள். இதை அவர்களிடம் முந்தின இரவே சொல்லி, கொண்டுபோகிற பிளாஸ்டிக் அல்லாத பாட்டிலில் உங்கள் ஃபில்டரிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் பேசுவதில்லை. காலி பாட்டிலை மூட்டை கட்டிக் காயலான் கடையில் போடுவது ரூம் பாய்களுக்குச் சின்ன வருமானம், அவர்கள் டீச்செலவே அதில்தான் ஓடும். பாட்டிலை நிறுத்தினால் அது போய்விடும், அவரே வருகிறவரிடம் "அந்தத் தண்ணி நல்லா இருக்காது சார்" என்று சொல்லத் தொடங்குவார். பாட்டிலில் மிச்சமாகும் காசில் ஒரு பங்கைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏ.சி. ரூம் எடுத்தவர்கள் 16-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். கரண்ட் பில் பார்த்து எனக்குத்தான் குளிர் ஜுரம் வருகிறது.
- வாசகர், மாட்டுத்தாவணி

பதில்: 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள், 24-ல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிரும், 24-ல் நின்றுகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்கிற கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து வருகிற புது ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே ரிமோட்டைக் கொடுக்கும்போது 24-ல் வைத்துக் கொடுங்கள், ஃபேனை மூன்றில் ஓடவிடுங்கள். பாதிப் பேர் அதன்பின் தொடவே மாட்டார்கள்.

ஆள் இல்லாத அறையில் ஓடுகிற ஏ.சி.தான் பெரிய ஓட்டை. அம்மனைப் பார்க்கப் போனால் திரும்பி வர மூன்று மணி நேரம், வந்ததும் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று ஓடவிட்டுவிட்டுப் போவார்கள். சாவி அட்டையைச் செருகினால்தான் கரண்ட் வரும் பெட்டி வைத்தோம், விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டுப் போனார்கள்! ஒருமுறை ஒருவர் ரேஷன் கார்டையே செருகியிருந்தார், மறந்துவிட்டு மறுநாள் விருதுநகரிலிருந்து அலறிக்கொண்டு போன் செய்தார். அதனால் கனமான சாவிக்கொத்து மாட்டும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ரூம் பாய் ஒரு சுற்று போய் வரட்டும்.

மேல்மாடி அறைதான் அடுப்பு மாதிரி இருக்கும், அங்கேதான் ஏ.சி. மூச்சு முட்டும். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள், பங்குனிக்கு முன்னால். நம் பழைய வீடுகளில் தட்டோடு பதித்து வைத்ததும் இதற்குத்தான். ஃபேன் மாற்றும்போது பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள், பழையது 75 வாட் என்றால் இது 30. தினம் 16 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைய மிச்சம்.

சோலார் பேனல் போட இடமும் காசும் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளைக்கு நாலு யூனிட் என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்துக் கட்டட நிழல் விழாத இடமாக இருக்க வேண்டும். ஆனால் 16-ல் ஓடுகிற ஏ.சி.க்குச் சோலார் போடுவது ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் வைக்கிற கதை.

கேள்வி: கடன் வாங்கி சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். இரண்டே வருடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. கீழ் அறைகளுக்கு அதுவும் வருவதில்லை. சோலாரே ஏமாற்றா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: சோலார் ஏமாற்று இல்லை, விற்றவர் உங்கள் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை. எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு கம்பெனிக்காரர் வந்து தகடு வகை ஹீட்டர் போட்டார், முதல் வருடம் கொதித்தது, இரண்டாம் வருடம் உங்கள் கதைதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் குழாயை அறுத்துக் காட்டச் சொன்னேன், உள்ளே விரல் போகும் குழாயில் பென்சில் போகும் அளவுக்குத்தான் துவாரம் பாக்கி, சுற்றிலும் வெள்ளையாக உப்பு கல் போல இறுகியிருந்தது. கேட்டால் "உங்க தண்ணி சரியில்லை சார்" என்றார்கள். விற்கும்போது அந்தத் தண்ணீரில்தான் காப்பி குடித்தார்கள்.

உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் நேரடியாகப் போர் தண்ணீரைத் தகட்டுக் குழாய்க்குள் விடக் கூடாது. கண்ணாடிக் குழாய் வகை போடலாம், அதில் உப்பு படிந்தாலும் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம். இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தகடு வகை, அதில் தகட்டுக்குள் ஓடும் தண்ணீர் வேறு, நாம் குளிக்கும் தண்ணீர் வேறு. இப்போது இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள், அமிலம் விட்டுக் கழுவித் தருகிற ஆள் இருப்பார், முதலில் அதைச் செய்து பாருங்கள்.

கீழ் அறைக்கு வராததற்குக் காரணம் குழாயின் நீளம். மாடியிலிருந்து கீழே வரும் குழாயில் நிற்கிற பச்சைத் தண்ணீர் முழுக்கப் போன பிறகுதான் வெந்நீர் வரும், அதற்குள் அவர் ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருப்பார். அடுப்பங்கரைக்கும் மேல்மாடிக்கும் மட்டும் சோலார், கீழ் அறைகளுக்குச் சின்ன கீசர் என்று பிரித்துவிடுங்கள். 15 லிட்டர் கீசர் ஒருமுறை சூடாக அரை யூனிட்தான் ஆகும். ஆளில்லாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பில்லை ஏற்றுகிறது, ஆகவே காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை டைமர். வெந்நீர்க் குழாய்க்கு மேலே ஃபோம் உறை சுற்றுங்கள். சித்திரை, வைகாசியில் கீசரை மெயினிலேயே அணைத்துவிடலாம், அப்போது நம் ஊர்ப் பச்சைத் தண்ணீரே கையைச் சுடும்.

கேள்வி: மெஸ் நடத்துகிறோம், மதியம் 150 சாப்பாடு. வாழை இலை, மிச்சச் சோறு, பொரித்த எண்ணெய் மூன்றையும் என்ன செய்வது? குப்பை வண்டியில் மொத்தமாகப் போட்டால் திட்டுகிறார்கள்.
- வாசகி, விளக்குத்தூண்

பதில்: திட்டட்டும் அம்மா, அவர்கள் சொல்வது நியாயம். கலந்து கட்டிக் கொடுத்தால் எல்லாம் வெள்ளக்கல் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஈரம் தனி, காய்ந்தது தனி என்று பிரித்தால்தான் உரமாகும்.

இலையை மாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார், மதுரையில் இது புதுசு இல்லை. ஆனால் கை துடைத்த காகிதம், பல் குத்தும் குச்சி, ஊறுகாய் பாக்கெட், தண்ணீர் பாட்டில் மூடி எல்லாவற்றையும் இலைக்குள்ளேயே வைத்து மடிக்கிறோமே, அது மாட்டு வயிற்றுக்குள் போகிறது. இலை எடுக்கும் இடத்தில் இரண்டு வாளி வையுங்கள், இலை எடுக்கிறவர் மேஜையிலேயே குச்சியையும் உறையையும் பிரித்துச் சின்ன வாளியில் போட்டுவிட்டு, இலையைப் பெரிய வாளியில் போடட்டும். ஊறுகாய் பாக்கெட்டை ஒழித்துவிட்டு ஜாடியும் கரண்டியும் வைத்தால் வேலை பாதி.

மிச்சச் சோறு எவ்வளவு என்று ஒரு வாரம் எடை போடுங்கள். இலையில் மிஞ்சுவது வேறு, அண்டாவில் மிஞ்சுவது வேறு. அண்டாவில் மிஞ்சினால் நீங்கள் அரிசி அதிகம் போடுகிறீர்கள், இலையில் மிஞ்சினால் பரிமாறுகிறவர் அள்ளி வைக்கிறார். எங்கள் கீழ்க்கடையில் முதல் சோற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்து "இன்னும் வேணுமா?" என்று இரண்டாவது முறை கட்டாயம் கேட்க வேண்டும் என்று வைத்தோம். யாரும் குறை சொல்லவில்லை, கேட்டு வைத்தால் நம் ஊரில் அது உபசரிப்பு. அப்புறம் பின்பக்கம் இடமிருந்தால் சாண எரிவாயு மாதிரி, உணவுக் கழிவில் ஓடும் சின்ன வாயுக் கலன் வைக்கலாம், ஒரு கன மீட்டர் வாயு சுமார் அரை கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். விளக்குத்தூணில் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

எண்ணெய்தான் விவகாரம். கறுத்துப்போன எண்ணெயைக் கேன் கேனாக வாங்கிக்கொண்டு போகிற ஆள் யாருக்கு விற்கிறார் என்று என்றைக்காவது கேட்டீர்களா? தள்ளுவண்டிக் கடைக்கு விற்றால், மறுபடியும் யாரோ ஒரு பிள்ளைதான் சாப்பிடும். 2018 ஜூலையிலிருந்து எண்ணெயில் டோட்டல் போலார் காம்பவுண்ட் என்கிற, காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டுப்போனதைக் காட்டும் அளவு 25 சதவீதம் தாண்டினால் அதைச் சமையலுக்கு வைத்திருக்கவே கூடாது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கிறவர்கள் கணக்கும் வைக்க வேண்டும். அதே வருடம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூகோ என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது, பதிவு பெற்ற ஆட்கள் வந்து பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி பயோடீசலுக்கு அனுப்புவார்கள். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள், எடுத்ததற்குச் சீட்டு வாங்கி வையுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது குளிர்ந்து மெழுகு மாதிரி அடைத்து, உங்கள் வாசலில்தான் முதலில் பொங்கும்.

பிரித்து வைத்த பிளாஸ்டிக் எங்கே போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பொடியாக்கிச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர் நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன்தான், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாம்பார் ஒட்டிய உறையை அப்படியே சாலையில் போட முடியாது, கழுவிக் காயவைத்துக் கொடுத்தால்தான் ஆகும்.

கேள்வி: நான் லாட்ஜில் ரூம் பாயாக வேலை பார்க்கிறேன் சார். தினமும் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருபதாவது வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். ஆளில்லாத ரூமில் லைட்டு எரிகிறது, குழாய் ஒழுகுகிறது. மேனேஜரிடம் சொன்னால் "உன் வேலையைப் பாரு" என்கிறார். நான் என்ன செய்ய முடியும்?
- வாசகர், பெயரும் ஊரும் வேண்டாம் என்றிருக்கிறார்

பதில்: தம்பி, 19 வருடம் நானும் "உன் வேலையைப் பாரு" என்று சொன்ன ஆள்தான், அதனால் அந்த மேனேஜரை எனக்கு நன்றாகத் தெரியும். வாயால் சொன்னால் காதில் விழாது, நம்பரைக் காட்டினால் விழும். நாளையிலிருந்து அந்த மிச்சத் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றாமல் ஒரு வாளியில் ஊற்றுங்கள். பெட்ஷீட் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு காலண்டர் தாளை ஒட்டி, இன்றைக்கு எத்தனை வாளி, எந்த ரூமில் குழாய் ஒழுகல், எந்த ரூமில் ஏ.சி. சும்மா ஓடியது என்று பேனாவால் எழுதுங்கள். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் ஒரு மக்கை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் போதும். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்கும் நாளாகப் பார்த்து, லாரிக்காரர் சீட்டோடு சேர்த்து அந்தத் தாளையும் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஒன்றும் பேச வேண்டாம்.

எங்கள் லாட்ஜில் சொட்டு நீலம் யோசனை என்னுடையது என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மாடி கூட்ட வந்த ஒரு அம்மா சொன்னது. வீட்டில் வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீரை டேங்கில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். முதல்முறை அவர் வந்து சொன்னபோது நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.